அவன் நாளில் பதினான்கு

பல் டாக்டர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு கணம் யோசித்தது. அப்புறம், போனால் போகிறது என்பது போல நகர்ந்தது.

“நல்லா அழுத்துங்க டாக்டர்.”

“அழுத்திட்டுதான் இருக்கேன் மேடம். வண்டிதான் வர மாட்டேங்குது.”

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டிப் பழகுகிற வண்டி என்று நெற்றியிலும் முதுகிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதுகூடத் தெரியாதவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்கள்? ஆறு மாதமாகவே பின்னால் வருகிறவர்களின் ஹாரன் அதிகமாகிவிட்டது. ஊரில் பொறுமை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுடையது சின்ன டிரைவிங் பள்ளி. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கார், இரண்டு வாத்தியார்கள். திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி என் கொழுந்தன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. அதற்கு வயது பதினேழு, ஓய்வு வேண்டிய வயதுதான். ஓட்டுகிறவர் பக்கம் மூன்று பெடல்கள். பக்கத்தில் உட்காரும் எங்கள் காலடியில் ஒன்றே ஒன்று, பிரேக்.

சந்தேகப்படுவதுதான் என் தொழில். பக்கத்தில் இருப்பவர் அடுத்த நொடி ஏதோ தப்பு செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக அப்படி உட்கார்ந்தால், வீட்டுக்கு வந்து பால் பாத்திரத்தைப் பார்த்தாலும் இது பொங்கப்போகிறது என்றுதான் தோன்றும். என் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். தப்பு கண்டுபிடிப்பது அவருக்கும் தொழில்தான், ஆனால் அவர் அதைக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

முதலில் நான் சந்தேகப்பட்டது வண்டியை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பழைய ஆள், எங்கள் வண்டியின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், புழுதி கொட்டியது. புதிது போட்டார். பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவற்றையும் மாற்றினார். இரண்டு நாள் கழித்து மறுபடி போய் நின்றேன். பெட்ரோல் ஃபில்டர், பம்ப் அழுத்தம், திராட்டில் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

“அம்பு மாதிரி போகுதும்மா.”

“எனக்கு மட்டும் ஆமை மாதிரி போகுதா அண்ணே?”

அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

கொழுந்தனைக் கேட்டேன். “தம்பி, வண்டி திணறுதா இல்லையா? உண்மையச் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணி. நல்லாத்தான் போகுது.”

ஒரே வண்டி. முதல் நாள் அவனுக்கு நல்லாத்தான் போகிறது, மறுநாள் எனக்குத் திணறுகிறது. இதை யார் நம்புவார்கள்?

அதனால் அளந்து பார்த்தேன். என் நாள் தொடங்கும்போது டேங்கை நிரப்பி, முடியும்போது மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தேன். அவனையும் அப்படியே செய்யச் சொன்னேன். மூன்று வாரம் பார்த்தோம். என் நாளில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். அவன் நாளில் பதினான்கு.

இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். “பாத்தியா, என் தம்பி சிக்கனமா ஓட்டறான்” என்றார்.

“அவன் எங்க ஓட்டறான்? பழகறவங்கதானே ஓட்டறாங்க? பழகறவங்க ஓட்டினா எந்த ஊர்ல பதினாலு குடுக்கும்? கியரே ஒழுங்கா விழாது. அப்போ அவங்க ஓட்டல. இவன்தான் எங்கயோ தனியா ஓட்டிட்டுப் போறான். நேரான ரோடு, ஒரே வேகம், அப்பதான் பதினாலு வரும்.”

வீட்டுக்காரர் “நல்லா குடுத்தா அதுக்கும் திட்டா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். ஆனால் எனக்கு என் கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. நல்லவனாக இருந்தால் ஒன்பது வந்திருக்க வேண்டும். பதினான்கு வந்ததே, அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

அதற்கு அடுத்த வாரம் டிக்கியில் ஜாக்கி தேடியபோது ஒரு காலி அட்டைப்பெட்டி கிடைத்தது. முன் சக்கரத்துப் பிரேக் பேட் வந்த பெட்டி. நான் வாங்கவில்லை. பேட் மாற்றியதாக மெக்கானிக்கும் சொல்லவில்லை, கொழுந்தனும் சொல்லவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்கோ இன்னொரு வண்டி ஓடுகிறது. அதற்குத்தான் இந்தச் சாமான். எதிர்த்த தெருவில் புதிதாகத் தொடங்கியிருக்கும் பெரிய டிரைவிங் பள்ளி அவனை இரண்டு தடவை கூப்பிட்டதாக ஊரே பேசியது. அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மெக்கானிக்கிடம் போய், “பேட் ஏதாவது மாத்தினீங்களா அண்ணே?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “வண்டில ஒண்ணும் இல்லம்மா, நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். கேட்டது ஒன்று, வந்த பதில் இன்னொன்று. அவரும் இதில் உடந்தை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் போய்விட்டால் பள்ளியை ஒற்றை ஆளாக என்னால் நடத்த முடியாது. அதுகூடப் பெரிதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினோரு வருடம் என் வீட்டில் சாப்பிட்டு, என் திட்டுகளை வாங்கி, ஒரு நாள்கூட முகம் சுளிக்காதவன் அவன். அப்படிப்பட்டவன் எனக்குத் தெரியாமல் ஒன்று செய்கிறான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மதியம் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை எடுத்தேன். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நூலகத்துக்கு எதிரில் ஒரு மரத்தடியில் நின்றேன். அவனுடைய இரண்டு மணி வகுப்பு நூலக அம்மாவுக்கு. ஐம்பது வயதில் ஓட்டப் பழகுகிறவர், ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொள்ளப்போவது போலப் பிடிப்பார். வண்டி புறப்பட்டது. நான் பின்னாலேயே போனேன்.

ஏமாற்றமாக இருந்தது. அந்த அம்மாதான் ஓட்டினார். கியர் ஒரு தடவை கரகரத்தது, ஒரு தடவை வண்டி நின்றே போனது. ஆனாலும் பிறகு கிளம்பியபோது தயங்கவில்லை, திணறவில்லை, மிதித்த உடனே போனது. பின் விளக்குகள் திருப்பத்தில் சிவந்தன, சிக்னலில் சிவந்தன, மற்ற நேரமெல்லாம் அணைந்தே இருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் வண்டி, எனக்கு மட்டும் இப்படிப் போகமாட்டேன் என்கிறது.

மூன்று மணிக்கு நூலக அம்மாவை இறக்கிவிட்டான். அடுத்த வகுப்பு நாலரைக்கு. இப்போது எங்கே போகிறான் பார்க்கலாம் என்று பின்தொடர்ந்தேன். மெக்கானிக் பட்டறைக்குள் வண்டியை விட்டான்.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்து போனேன். முன் சக்கரம் ஒன்று கழற்றிக் கீழே கிடந்தது. மெக்கானிக் குந்தியிருந்தார். கொழுந்தன் பக்கத்தில் நின்றபடி ஒரு புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். டிக்கியில் பார்த்த அதே நிறம், அதே அளவு.

“அண்ணிக்குத் தெரிய வேணாம்ணே” என்று அவன் சொன்னது காதில் விழுந்தது.

“தெரிஞ்சாச்சு” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டிருந்தேன். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

“அண்ணி…”

“யார் வண்டிக்குத் தம்பி இந்தச் சாமான்? எதிர்த்த தெருக்காரன் வண்டிக்கா? பழசு எங்க வண்டிக்கு, புதுசு அவன் வண்டிக்கா?”

“அம்மா, கொஞ்சம் பொறுங்க…” என்று மெக்கானிக் எழுந்தார்.

“நீங்க பேசாதீங்கண்ணே. உங்ககிட்ட அப்புறம் வரேன்.” நான் கொழுந்தனைப் பார்த்தேன். “பதினோரு வருஷம் கூடவே வெச்சிருந்தேனே. கேட்டிருந்தா தூக்கிக் குடுத்திருப்பேனே. எதுக்குடா இந்தத் திருட்டு வேல?”

திருட்டு என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

அவன் பிரித்த பெட்டியை மெக்கானிக் கையில் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து பானெட்டின் மேல் வைத்தான்.

“நாளைலேருந்து வேற ஆளப் பாத்துக்கோங்க அண்ணி.”

மெக்கானிக் மறுபடி குந்தினார். பேடை மாட்டினார், சக்கரத்தைத் தூக்கி வைத்தார், நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். பிறகு பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு என்னவோ செய்தார். வெளியே வந்தபோது விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏறுங்கம்மா. ஒரு ரவுண்டு போலாம்.”

“எதுக்கு?”

“வண்டி திணறுதுன்னீங்கல்ல? அத இன்னிக்கே பாத்துடலாம். தம்பி, நீயும் பின்னால ஏறு. போறதா இருந்தா அப்புறம் போகலாம்.”

பட்டறைக்குப் பின்னால் ஒரு கிடங்கின் நீளமான சுவரை ஒட்டி நேரான சாலை இருக்கிறது. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. மெக்கானிக் ஓட்டினார், நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது கியர், மூன்றாவது. வேகம் முப்பதைத் தாண்டியதும் வண்டி தயங்கியது. யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுப்பது போல.

“பாத்தீங்களா! பாத்தீங்களாண்ணே! நான் சொன்னா யாரும் நம்பல!”

“பாத்தேம்மா.” அவர் ஓரமாக நிறுத்தினார். “நீங்க பிரேக் போட்டீங்களா?”

“எதுக்குப் போடப்போறேன்? ரோட்டுல ஈ, காக்கா இல்லையே.”

“வலது கால் ஷூவக் கழட்டி அடியப் பாருங்க.”

கழற்றினேன். அடியில் கறுப்பு கிரீஸ். வெறும் கறை அல்ல. என் பிரேக் பெடலின் ரப்பர் வரிகள் ஒன்றுவிடாமல் அதில் பதிந்திருந்தன.

“ஏறும்போது பட்டிருக்கும்” என்றேன். “இல்ல, நீங்களே முன்னாடி பூசி வெச்சிருப்பீங்க.”

“நான் பெடல்லதான் பூசினேன், ஷூல இல்ல. தொடைச்சிட்டு இன்னொரு தடவ போலாம். இந்த முறை ரோட்டப் பாக்காதீங்க. உங்க காலப் பாருங்க.”

துடைத்தேன். ஷூவை, பெடலை, இரண்டையும் நானே அழுத்தித் துடைத்தேன். வண்டி கிளம்பியது. காலைத் தரை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து அதையே பார்த்தேன். முதல் கியரில் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. எனக்குச் சிரிப்புகூட வந்தது. மூன்றாவது விழுந்து வேகம் ஏறியபோது என் குதிகால் திரும்பியது. நான் திருப்பவில்லை. முன்பாதம் எழுந்தது, மெதுவாகப் போய்ப் பெடலின் மேல் உட்கார்ந்தது, லேசாக அழுத்திக்கொண்டது. வண்டி தயங்கியது. என் கால்தான். என்னைக் கேட்காமல், யாரையும் கேட்காமல், அதுபாட்டுக்குப் போனது.

“நிறுத்துங்க” என்றேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். என்னிடம் பழகிக்கொண்டிருந்த ஒரு தையல்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாசல், விடுகிற நேரம். பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். நான் என் பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றபோது பானெட்டுக்கும் ஒரு மஞ்சள் புத்தகப் பைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. பையைச் சுமந்த பெண் குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே போய்விட்டது. தையல்காரம்மா அழுதார். நான் அவரைத் திட்டினேன், வீட்டில் விட்டேன், அடுத்த வகுப்பையும் எடுத்தேன். எல்லோரிடமும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். உண்மைதானே, ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த கொழுந்தன் மட்டும்தான் பார்த்தான், நான் இறங்க முடியாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்ததை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் எழுந்திருக்கிற வரை வாசலில் நின்றான்.

“உனக்குத் தெரியுமா?” என்று பின் இருக்கையைப் பார்த்துக் கேட்டேன்.

மெக்கானிக்தான் பதில் சொன்னார். “ஆயில் மாத்த வந்தப்போதான் பாத்தேன், பேட் ரெண்டும் காகிதமாட்டம் தேஞ்சு கெடந்துச்சு. யாரோ காலத் தூக்காமலே ஓட்டறாங்கன்னேன். தம்பிக்கு உடனே புரிஞ்சுபோச்சு. இதோட மூணு தடவ மாத்தியாச்சும்மா. தம்பியோட கைக்காசு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு.”

“ஏன்டா சொல்லல?”

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணி? மொதல்ல கத்தியிருப்பீங்க. அப்புறம் சொல்லிக்குடுக்கறதையே விட்டிருப்பீங்க. தானா சரியாயிடும்னு நெனச்சேன்.”

இரண்டும் சரி. கத்தியிருப்பேன். விட்டிருப்பேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் இறங்கி, வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார். சாவி வண்டியிலேயே தொங்கியது. நான் பக்கத்து இருக்கையில், அவன் பின்னால். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

“சாவிய எடுத்துக்கோ தம்பி.”

அவன் அசையவில்லை. திருடன் என்று சொன்ன வாய் சாவியை எடுத்துக்கொள் என்றால், உடனே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

“தப்பா பேசிட்டேன்” என்றேன். “ரொம்பத் தப்பா பேசிட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. என்னால யாரையும் நம்ப முடியல தம்பி. அன்னிலேருந்து ஒருத்தரையும் நம்ப முடியல.” மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “நீ ஓட்டு. நாலரை வகுப்புக்கு நானும் வரேன்.”

பின் கதவு திறந்தது. சுற்றி வந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான்.

நான் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டேன். அவன் என்னையும் என் கால்களையும் பார்த்தான்.

“என்ன அண்ணி இது?”

“இப்படியே இருக்கேன். கீழ வெச்சா போயிடுது.”

“கீழ வைங்க. அது அங்கதான் இருக்கணும். பெடல் மேல இல்ல, பக்கத்துல.”

கீழே வைத்தேன். வண்டி கிளம்பியது. அவன் பள்ளிக்கூடத் தெருவில் திருப்பியபோது வேண்டுமென்றே செய்கிறானோ என்று பார்த்தேன். அந்த வகுப்புக்கு அதுதான் நேர்வழி. மணி நாலு அடித்திருந்தது. கேட் திறந்து பிள்ளைகள் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பையனின் சாப்பாட்டு டப்பா கைநழுவி விழுந்து, சாலைக்கு உருண்டது. அவன் அதைத் துரத்திக்கொண்டு வந்தான். நான் பார்த்துவிட்டேன். கொழுந்தன் பார்த்தானா? அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் குதிகால் திரும்பியது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இன்னும் அவன் மிதிக்கவில்லை. டப்பா உருள்கிறது, பையன் வருகிறான், இன்னும் மிதிக்கவில்லை. நான் நகம் பதிய முழங்காலைப் பிடித்தேன்.

வண்டி நின்றது. பையனுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு வண்டியே நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. பையன் குனிந்து டப்பாவை எடுத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

“நீங்க போடல” என்றான் கொழுந்தன், முன்னால் பார்த்தபடியே.

“போடல” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அது முடிகிற வரை வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பட்டறைத் தெருமுனையில் இறங்கி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்துப் பூட்டினான். சாவியை ஒரு தடவை உள்ளங்கையில் தட்டிவிட்டு, எப்போதும் போலத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் அதைப் பார்க்காதது போல ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.